பேடு என உறுதிப்படுத்துகிறேன்

மடவளையில் அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தால் மூன்றாவது வீட்டு மதிலில் இரண்டு பலகைகள் தொங்கும். ஒன்று, ‘நாய் கவனம்’. நாய் செத்து ஆறு வருடமாகிறது. மற்றது, ‘எம். ஐ. இப்திகார், சமாதான நீதவான், முழுத் தீவு’. இதில் ‘முழுத் தீவு’ மட்டும் ஆளின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

இப்திகார் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். சமாதான நீதவானை ஆங்கிலத்தில் சுருக்கி, ஊரில் எல்லாருக்கும் அவர் ஜேபி சேர். பிறப்புச் சான்றிதழின் பிரதியை உறுதிப்படுத்தச் சொல்லி யாராவது நீட்டினால், மூலத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஆள் பிறந்ததில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று தீர்மானித்த பிறகுதான் மேசை லாச்சியைத் திறந்து ரப்பர் சீலை எடுப்பார். சீல் விழுந்தால் விழுந்ததுதான். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தன் கையெழுத்தை வாபஸ் வாங்கியதில்லை என்பதைக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டில்கூடப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுவார்.

முழுத் தீவிலும் அவருடைய அதிகாரம் எட்டாத இடம் ஒன்று இருந்ததென்றால் அது அவர் வீட்டுப் பின்பக்கம்தான். அங்கே அவர் மனைவி சித்தி றலியாவின் கோழிக்கூடு இருந்தது.

றலியாவுக்கு இது மூன்றாவது தடவை. முதல் தடவை வளர்த்த குஞ்சுகளைக் கீரி கொண்டுபோனது. இரண்டாவது தடவை கழிச்சல் நோய் கொண்டுபோனது. மூன்றாவது தடவை, ஹந்தானையிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் வேலை செய்யும் சூசையம்மா ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் ஒன்பது ஊர்க்கோழிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றரை மாதமாகிவிட்டது. ஒன்பதும் உயிரோடு இருந்தன. அதற்குக் காரணம் செவப்பி. ஒருநாள் கீரி கூட்டுக்கிட்ட வந்தபோது மற்ற எட்டும் மூலையில் ஒதுங்க, செவப்பி மட்டும் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு எதிரே போய் நின்று போட்ட சத்தத்தில் றலியா தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தாள். அன்றிலிருந்து செவப்பிக்கு முதல் பிடி சோறு. அது முட்டையிடத் தொடங்கியதும் அடைக்கு வைத்து ஒரு வம்சத்தையே உண்டாக்க வேண்டும் என்பது றலியாவின் திட்டம்.

திட்டத்தில் மண் விழுந்தது ஜெர்மனியிலிருந்து.

பக்கத்து வீட்டு ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருக்குக் கட்டுகஸ்தோட்டையில் இரும்புக் கடை. ஒழுங்கை நலன்புரிச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். வீட்டுக்கு மேல் இரண்டு மாடி எழுப்பி ‘கிறீன் வில்லேஜ்’ என்று பெயர் வைத்து வெளிநாட்டுக்காரருக்கு அறை கொடுத்துக்கொண்டிருந்தார். இன்டர்நெட்டில் போட்டிருந்த விளம்பரத்தில் ‘சுத்தமான கிராமிய அனுபவம்’ என்று எழுதி, வேலிமேல் ஒரு சேவல் நிற்கும் படமும் போட்டிருந்தார். வந்து தங்கிய ஒரு ஜெர்மன்காரத் தம்பதி, விடிய மூன்று மணிக்குச் சேவல் கூவுகிறது, கிராமம் அளவுக்கு மீறிக் கிராமமாக இருக்கிறது என்று எழுதி, ஐந்து நட்சத்திரத்தில் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஹாஜியார் படத்தை மாற்றவில்லை. சங்கத்தைக் கூட்டினார். இனி ஒழுங்கையில் பேடு வளர்க்கலாம், சேவல் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் வந்தது. சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லா வீட்டுச் சேவலையும் ஹாஜியார் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு பகல் சங்கத்துக்கே சாப்பாடு. குஞ்சாக இருப்பதில் எது சேவல், எது பேடு என்று யார் சொல்வது என்று யாரோ கேட்டார்கள். இப்திகார் எழுந்து நின்றார்.

“சந்தேகம் தீக்கத்தானே அரசாங்கம் சில பேர நியமிச்சி ஈக்கிது,” என்றார். “சட்டம் முதல்ல என்ட வீட்டுல தொடங்கட்டும்.”

அப்படித்தான் வியாழன் காலை வெளி விறாந்தையில் மேசை போடப்பட்டது. இப்திகார் வெள்ளைச் சேர்ட் உடுத்துக் கதிரையில் உட்கார்ந்தார். முன்னால் ஸ்கேல் வைத்துக் கோடிழுத்த படிவம்: தொடரிலக்கம், நிறம், கொண்டை, நடத்தை, பால். முதல்நாள் போனில் சேவலை அறிவது எப்படி என்று ஒரு வீடியோவை, நடுவில் விளம்பரம் வரும்வரைக்கும், பார்த்திருந்தார். கோழியைத் தொடமாட்டார். பிடித்துக் கொடுப்பது றலியாவின் வேலை. மேசையில் உட்கார்ந்தால் அவர் பெண்சாதியையும் ‘நீங்க’ என்றுதான் பேசுவார்.

“அடுத்த ஆளக் கொண்டாங்க. இலக்கம் நாலு.”

நாலாவது செவப்பி. மேசையில் இறக்கிவிட்டதும் படிவத்தின்மேல் நடந்துபோய், சீலை ஒரு கொத்துக் கொத்திவிட்டு, அவரை ஏறிட்டுப் பார்த்தது. அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

“கொண்ட பெரிசு. சிவப்பு,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “நிமிந்த நடை. பார்வையப் பாத்தீங்களா? தலைமைத்துவம். கீரிய எதுத்து நிண்டது இதுதானே?”

“ஓ. இதுதான்.”

“அப்ப வேற சாட்சி எதுக்கு? சேவல்.”

“அல்லாஹ்வே, இது பேடு!”

“ஆக்கள் சாட்சி சொல்லக் கொள்ள நடுவுல பேசப்படாது. இலக்கம் அஞ்சு.”

ஏழாவதாக வந்தது சாம்பல். மேசையில் இறங்கவே மறுத்துத் தலையை றலியாவின் கக்கத்துக்குள் செருகிக்கொண்டது. இப்திகாரின் முகம் இளகியது.

“கொண்ட சின்னது. நாணம். அடக்கம். நல்ல குடும்பத்துப் புள்ள மாதிரி. பேடு.”

“அது நாணமில்ல, பயம்! இஞ்ச பாருங்களே,” என்று றலியா சாம்பலைத் திருப்பி, வால் தொடங்கும் இடத்தில் முதுகு இறகை விரலால் நீவிக் காட்டினாள். “இந்த இடத்து எறகு கூரா, ஊசி மாதிரித் தொங்குது. சாவலுக்குத்தான் இப்பிடி வரும். செவப்பிக்கு வட்டமா ஈக்கிது. கொண்டய நம்பேலா. சாதிக்குச் சாதி மாறும். எறகு மாறாது.”

இப்திகார் கண்ணாடியைக் கழற்றினார். படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“எறகுக்கு இதுல எடமில்ல,” என்றார்.

பத்து மணிக்குள் முடிவு வந்துவிட்டது. ஒன்பது கோழிகளையும் தான் நேரில் கண்டதாகவும், நான்காம் இலக்கம் நீங்கலாக ஏனைய எட்டையும் பேடு என உறுதிப்படுத்துவதாகவும் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் அடித்து, மூன்று பிரதி எடுத்தார். ஒரு பிரதி கையோடு ஹாஜியாருக்குப் போனது. ஹாஜியார் அதைப் போனில் படம் பிடித்து, ஜெர்மன்காரர் எழுதியதற்குக் கீழே பதிலாகப் போட்டார்: ஒழுங்கையில் சேவல் இல்லாமல் ஆக்கப்படுகிறது, நீதவானே சான்று.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்த வழியில் சூசையம்மா வேலியோரம் நின்று செவப்பியைத் தூக்கி முதுகை நீவிப் பார்த்தாள்.

“யாருக்கா இதச் சேவல்னு சொன்னது? ரெண்டு மாசத்துல முட்ட வைக்கும் இது. அந்தச் சாம்பல்தானே சேவல்? தாராளமாத் தெரியுதே.”

“எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். சேர் சீல் அடிச்சிட்டார்.”

“கோழி என்னாக்கா பாவஞ் செஞ்சிச்சு, சீல் அடிக்க?” சூசையம்மா செவப்பியை இறக்கி விட்டாள். “நாளைக்கு நான்தான் வந்து புடிக்கணும்னு ஹாஜியார் சொல்லிட்டாருங்க. நான் கொண்டாந்து குடுத்த குஞ்சுக்கா. எனக்குக் கை வராது.”

ஜும்ஆ முடிந்து இப்திகார் சாப்பிட உட்கார்ந்தபோது றலியா இறைச்சித் துண்டை இரண்டாவது தடவையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

“அந்தச் சிவப்புக்குப் பதிலா சாம்பலக் குடுத்தா என்ன? ஒண்டு போனாக் கணக்குச் சரிதானே.”

“றலியா, நீ படிச்ச பொம்பள. சாம்பல் பேடு. பேட்டச் சேவல் எண்டு ஒப்படைச்சா அது மோசடி. நானே மோசடி செஞ்சா ஊர்ல யாரு மிச்சம்?”

“நீங்க பிழையாக் கண்டிருந்தா?”

“கண்டது பிழையா ஈக்கலாம். எழுதினது பிழையா ஈக்காது.”

றலியா அவர் சோற்றில் ஆணத்தை ஊற்றினாள்.

சனிக்கிழமை அஸர் முடிந்ததும் ஹாஜியார் தானே வந்தார். பின்னால் சூசையம்மா, கையில் ஒரு சாக்கு. பின்பக்கத்துக்கே கதிரை கொண்டுவரச் செய்து, கூட்டுக்கு எதிரே இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். றலியா பிளேன்டீ கொண்டுவந்தாள். இப்திகார் கையில் படிவத்தின் மூலப்பிரதியோடு, நாலாம் இலக்கத்தை வாசித்துக் காட்டத் தொண்டையைச் செருமினார்.

கூட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. துருப்பிடித்த கேற்றை யாரோ பாதி திறந்துவிட்டு மனம் மாறி விட்டதுபோல ஒரு சத்தம்.

எல்லாரும் கூட்டுக்குள் பார்த்தார்கள். சாம்பல் தான் செய்ததை நம்பமுடியாமல் தானே திகைத்துப்போய் நின்றது.

“சளி,” என்றார் இப்திகார். “ரெண்டு நாளா மழைதானே.”

சாம்பல் காலை அகட்டி வைத்தது. கழுத்தை நீட்டியது. இந்தத் தடவை கேற் முழுவதும் திறந்தது. கொக்கரக்கோவில் கடைசி ஓகாரம் மட்டும் உடைந்துபோனது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். “ஜேபி, பேடு கூவுமா?”

“கூவும் ஹாஜியார். அபூர்வமாத்தான். ஹோமோன் சம்பந்தப்பட்ட விசயம்.”

“ஹோமோனோ ஹார்மோனியமோ, மூணு மணிக்கு இது கூவினா மேல படுத்திருக்கிறவன் எழும்புவானா மாட்டானா?” ஹாஜியார் போனை எடுத்து நீட்டினார். “ஒங்கட கடதாசிய நான் முழு ஒலகத்துக்கும் போட்டுட்டேன். எட்டும் பேடு எண்டு. இனி அது பிழை எண்டு எப்பிடிப் போடுற?”

“பிழை எண்டு யாரு சொன்ன?”

இரும்புக் கடைக்காரர் என்றாலும் ஹாஜியார் வழி கண்டுபிடிக்கும் ஆள்.

“சரி, லேசான வேல. ரெண்டையும் குடுங்க. சிவப்பு கடதாசிக்குச் சாவல். சாம்பல் காதுக்குச் சாவல். ரெண்டும் பெய்த்துட்டா ஒங்கட கடதாசியும் ஒழுங்கு, என்ட தூக்கமும் ஒழுங்கு.”

இப்திகாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “நல்ல தீர்ப்பு, ஹாஜியார். சான்றிதழ்ல கை வைக்கத் தேவையில்ல.”

சூசையம்மா றலியாவைப் பார்த்தாள். ஹாஜியார் சூசையம்மாவைப் பார்த்தார். அவள் கூட்டுக்குள் கையை விட்டு முதலில் செவப்பியின் காலைப் பிடித்தாள். செவப்பி போட்ட கூச்சல் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

றலியா தட்டத்தோடு நின்றாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாள். இந்த மனிதரிடம் உண்மையைக் காட்டி ஒன்றும் வாங்க முடியாது. கீழே ஒரு கோழி இருந்தாலும், மேலே ஒரு வானம் இருந்தாலும், அவர் படிவத்தைத்தான் பார்ப்பார். அவருக்கு வேண்டியது உண்மை அல்ல, ஒரு குற்றவாளி. கந்தோரில் இருந்தபோது அதற்கு ஒரு டைப்பிஸ்ட் இருந்தாள், ஒரு பியோன் இருந்தான். எந்தப் பிழையும் அவர்களைத் தாண்டி மேலே வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு பாவம், தனியாக இருந்தார்.

“ஹாஜியார், கொஞ்சம் நில்லுங்க,” என்றாள். “பிழை என்னோடது.”

இப்திகார் நிமிர்ந்தார்.

“அண்டக்கி இவர் நாலக் கேக்கக் கொள்ள நான் ஏழத் தூக்கிக் குடுத்திட்டேன். ஏழு கேக்கக் கொள்ள நாலு. எனக்குச் சாவலுக்கும் பேட்டுக்கும் வித்தியாசம் எங்க தெரியும்? எல்லாம் கோழிதானே எண்டு நெனச்சேன்.”

எந்த வரிசையில் கொடுத்திருந்தாலும் மேசைமேல் கண்ணால் பார்த்து எழுதியவர் அவர்தான். படிவத்தில் நிறம் என்று ஒரு கட்டமே இருந்தது. அதில் நாலுக்கு நேரே ‘சிவப்பு’ என்று அழகாக எழுதியும் இருந்தது. சூசையம்மாவுக்கு இது உடனே விளங்கியது; வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மற்ற இருவருக்கும் விளங்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இப்திகார் மெதுவாகத் தலையை ஆட்டினார். பூட்டிய அறைக்குள் கதவு ஒன்று இருப்பதை இப்போதுதான் கண்டவர்போல.

“எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் ஈந்தது,” என்றார். “நாலு எண்டு கேட்டேன். ஒரு மாதிரியான நாலு வந்தது.”

“சந்தேகப்பட்டா கேட்டிருக்கலாமே ஜேபி!”

“பெண்சாதியச் சந்தேகப்பட்டுக் கேக்கிற சரியில்ல ஹாஜியார். மனசு நோகும்.”

ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல். “தங்கச்சி, தங்கச்சி! பொம்பளகள்ட கையில குடுத்தா இப்பிடித்தான். என்ட வீட்டுலயும் போல்ட்டுக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது.”

றலியாவின் காது சுட்டது. ஒரு கணம் தட்டத்தை இறுக்கிப் பிடித்தாள். செவப்பி இன்னும் சூசையம்மாவின் கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஆத்திரத்தோடு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓ, ஹாஜியார்,” என்றாள். “மெய்தான்.”

“அப்ப திருத்தப் பத்திரம் ஒண்டு போடோணும்,” என்று இப்திகார் எழுந்தார். அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது. “மூலத்தில மாத்தமில்ல. காரணம் காட்டி ஒரு இணைப்பு. அவ்வளவுதான்.”

விறாந்தையில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். “மேற்படி கோழிகளை ஒப்படைத்த திருமதி சித்தி றலியா அவர்கள்... சேவலுக்கும் பேட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவராகையால்... நான்காம், ஏழாம் இலக்கங்கள் மாறி ஒப்படைக்கப்பட்டதென...” இந்த இடத்தில் நிறுத்தி, “அறியாதவராகையால், சரியா?” என்று றலியாவைக் கேட்டார்.

“அறவே அறியாதவராகையால் எண்டு போடுங்க. அழுத்தமா ஈக்கட்டும்.”

சீல் அடித்தார். றலியா எட்டிப் பார்த்தாள். “மங்கலா விழுந்திட்டு. இன்னொருக்கா அடிங்க. எனக்கும் ஒரு பிரதி தாங்க.”

பின்பக்கத்தில் சூசையம்மா செவப்பியை இறக்கிவிட்டு, சாம்பலைச் சாக்குக்குள் வைக்கத் தூக்கினாள். அது முரண்டு பிடிக்கவில்லை. பழையபடி தலையை அவள் கக்கத்துக்குள் செருகிக்கொண்டது.

“பாவம்,” என்றாள் சூசையம்மா. “கூவாம இருந்திருந்தா சீலோட பேடாவே காலத்த ஓட்டியிருக்கும். நீங்க ஏங்க்கா இப்பிடி எழுத விட்டீங்க? ஊரெல்லாம் சிரிக்காதா?”

“சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க முட்ட போடுறாங்களா?”

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், மனைவியின் பிழையைத் தான் எப்படிப் பெருந்தன்மையோடு சட்டபூர்வமாகத் திருத்தினார் என்பதை இப்திகார், கூட்டமாகச் சுற்றியிருந்து சாப்பிடும் ஒவ்வொரு சஹனுக்கும் போய்ச் சொன்னார். சாம்பல் ஆறு பேர் உட்கார்ந்த ஒரு சஹனுக்குக்கூடப் போதவில்லை.

தீர்மானம் எல்லா வீட்டுக்கும்தானே. அடுத்த வாரத்திலிருந்து பெட்டியிலும் கூடையிலும் குஞ்சுகளோடு பெண்கள் வரத் தொடங்கினார்கள். இப்திகார் விறாந்தையில் மேசை போட்டு, சீலைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வந்தவர்கள் கேற்றைத் திறந்து, அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போனார்கள். அங்கே றலியா ஒவ்வொன்றாக மடியில் வைத்து முதுகு இறகை நீவி, “இது சாவல், இது பேடு, இது இன்னும் மூணு கெழமையால கொண்டாங்க” என்று பிரித்துக் கொடுப்பாள். பிறகு அவர்கள் முன்பக்கம் வந்து, அதையே ஜேபி சேர் தானாகக் கண்டுபிடிக்கும்வரை பொறுமையாக நின்று, சீல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு கோழி விசயத்தில்கூட அவர் தீர்ப்புப் பிழையாகவில்லை. அவர் பேர் மடவளை தாண்டிப் பரவியது.

எதிர் வீட்டு ஸுமைரா கடைசியாக வந்தாள். கூட்டின் பக்கவாட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து நாலு ஆணி அடித்திருந்த கடதாசியை எட்டி வாசித்தாள். ‘வேறுபாட்டை அறவே அறியாதவராகையால்’ என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ராத்தா, என்ன இது? இதப் போய் மாட்டி ஈக்கிறீங்க?”

றலியா அவளுடைய குஞ்சின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் பக்கம் பலக வெடிச்சி மழ உள்ளுக்கு வருது. இவர்ட கடதாசி நல்ல தடிப்பு,” என்றாள். “இந்தா, இது சாவல். பெய்த்து சேரிட்டக் காட்டு. அவர் கொண்டயப் பாத்து பேடு எண்டு சொல்லப் பாப்பார். நீ ஒண்டும் பேசாம ஒருக்கா இருமு. வெளங்கிக்குவார்.”